நட்சத்திரக் குறிக்குக் கீழே

பத்து நாற்பதுக்கு வந்த மெயிலை செண்பகவல்லி பத்து நாற்பத்தொன்றுக்குத் திறந்தாள், திறந்ததும் தோளில் கிடந்த சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள், ஏசிக் குளிருக்காகவா மெயிலுக்காகவா என்று கேட்டால் அவளாலேயே சொல்ல முடியாது. பெண்டுலெட் என்ற பேக்கேஜில் ஒரு பிழை, தொடர்ந்து ஐம்பது நாள் அணைக்காமல் ஓடும் கணினியில் அது நேரத்தைத் தப்பாக எண்ணத் தொடங்குகிறது, பிழை திருத்திய பதிப்பு இன்று காலை வெளிவந்துவிட்டது, உங்கள் மென்பொருளுக்குள் பழையது இருக்கிறதா என்று உடனே பாருங்கள். உடனே பார்ப்பதுதான் அவள் வேலை. கோயம்புத்தூர் காளப்பட்டி சாலையில், நாலாவது மாடியில் இருக்கும் அந்த அலுவலகம் செய்வது ஒரே ஒரு மென்பொருள். பச்சிளங்குழந்தைகள் வார்டில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்புகள் பதினைந்து இருபது இருக்கும், அத்தனையையும் ஒரே திரையில் காட்டும், எதுவாவது நின்றுபோனால் பத்து நொடிக்குள் கத்தும். கத்தவேண்டிய நேரத்தில் கத்தவேண்டும், அதன் பிழைப்பே அதுதான். இன்று ஒரு மணிக்கு அதன் புதிய பதிப்பு அறுபத்திரண்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது, போவதற்கு முன்னால், இதற்குள் என்னென்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும் எனத் தொடங்கும் தாளில் அவள் கையெழுத்துப் போடவேண்டும். நாற்பத்து நாலு வயதுக்குள் எத்தனையோ தாளில் கையெழுத்துப் போட்டாயிற்று, எனக்குத் தெரியும் என்று தொடங்கும் தாள் இது ஒன்றுதான், ஒவ்வொரு முறையும் அந்த முதல் வரியில் பேனா ஒரு கணம் நின்றுதான் போகும். "செண்பகம், அந்த பெண்டுலெட் நம்மகிட்ட இருக்குங்களா?" என்று தடுப்புக்கு மேலே தலையை நீட்டிக் கேட்டான் கிருபாகரன், குழுவின் தலைவன், அவளைவிட ஆறு வயது சின்னவன், எதையும் கேட்ட கையோடு பதிலையும் தானே சொல்லிவிடுகிறவன். "பாத்துட்டு சொல்றேன் கிருபா." "இருக்காதுங்க. பேரே நான் கேள்விப்பட்டதில்ல." கேள்விப்படாதது எல்லாம் இல்லாதது என்றால் இந்த உலகத்தில் என்னதான் மிஞ்சும், உனக்கு என் மாமியார் பெயர் தெரியுமா, அதனால் அவர் இல்லையா, என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள், வெளியே தலையை மட்டும் ஆட்டினாள்.

சல்லடையை ஓடவிட்டாள். அதன் உண்மைப் பெயர் ஏதோ நீளமாக இருக்கும், அலுவலகத்தில் எல்லாருக்கும் அது சல்லடைதான். மென்பொருள் எழுதுகிறவர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை, படம் வரைய ஒன்று, பூட்டுப் போட ஒன்று, தேதி சொல்ல ஒன்று என்று வேறு யாரோ எழுதிப் பொதுவில் வைத்ததை எடுத்துக்கொள்வார்கள், அதுதான் பேக்கேஜ். இவர்கள் எடுத்தது நாற்பத்து மூன்று. அந்த நாற்பத்து மூன்றும் சும்மா வந்துவிடவில்லை, கல்யாணத்துக்கு ஒருவரைக் கூப்பிட்டால் அவர் தன் ஒன்றுவிட்ட சொந்தம் வரை வேன் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவது போல ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதைக் கூட்டிக்கொண்டு வந்தது, கூட வந்தவர்கள் தங்களுக்கு வேண்டியவர்களைக் கூட்டிவந்தார்கள். ஆக மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். கூப்பிட்ட நாற்பத்து மூன்று பேரின் முகம் தெரியும், மிச்சப் பேர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டைக் காட்டுவார்கள், அவர்கள் இவர்களைக் காட்டுவார்கள். இந்தக் கூட்டத்துக்குத்தான் அவள் காவல். சல்லடை ஓடி முடித்துப் பச்சை எழுத்தில் சொன்னது: பெண்டுலெட், இல்லை. அப்பாடா. பத்து ஐம்பத்திரண்டு. காபி குடிக்கலாம், அந்த மெஷின் காபியைக் காபி என்று சொல்லலாம் என்றால் குடிக்கலாம். எழுந்திருக்கக் கையை நாற்காலியில் ஊன்றினவள் அப்படியே நின்றாள், பாதி எழுந்தபடி, இடுப்புக்கு அது நல்லதில்லை, ஆனாலும் நின்றாள். பச்சை எழுத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில், பார்க்காதே என்பது போலப் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. பார்த்தவை ஆயிரத்து நூற்று ஐந்து. சொன்னபடி விட்டுவிட்டவை இருநூற்று ஏழு.

தினமும் இருக்கிற வரிதான். இரண்டு வருடமாக இருக்கிறது. தினமும் கடக்கிற வேகத்தடையைப் போல அதன் மேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டே இருந்திருக்கிறாள், இன்றைக்குத்தான் வண்டி நின்றுவிட்டது. சொன்னபடி. யார் சொன்னபடி? சல்லடை எதைப் பார்த்தாலும் கூப்பாடு போடும், நூல் பிசிறுக்கும் பாம்புக்கும் அதற்கு ஒரே குரல், அதனால் இன்னின்னதைக் கண்டால் கத்தாதே என்று எழுதிவைக்க ஒரு கோப்பு உண்டு, அதற்கு இவர்கள் வைத்த பெயர் சும்மாயிரு. சும்மாயிருவில் எழுத ஒரு முறை இருக்கிறது, முறையை வகுத்தவளே செண்பகவல்லிதான்: பேக்கேஜின் பெயர், காரணம், தேதி, எழுதியவரின் முதலெழுத்து. ஒரு பெயருக்கு ஒரு வரி. பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போடவே கூடாது, போட்டால் அதற்குக் கீழே தொங்குகிற கிளை முழுவதையும் பார்க்காதே என்று அர்த்தம், கண் கூசுகிறது என்று சன்னலையே செங்கல் வைத்து அடைப்பதா என்று கூட்டம் போட்டுத் திட்டியிருக்கிறாள், ஒரு பெண் அழுதே விட்டாள். கோப்பைத் திறந்தாள். திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட்டதோ? வரைபடம் போடும் பேக்கேஜின் பெயர், பக்கத்தில் நட்சத்திரம், காரணம் என்ற இடத்தில் பிறகு பார்க்கலாம், தேதி இரண்டு வருடத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, செ.வ. செ.வ. என்று இந்த அலுவலகத்தில் வேறு யாராவது இருக்கக்கூடாதா, செல்வராஜ் வரதன், செந்தில் வடிவு, யாராவது. வெள்ளிக்கிழமை ஐந்தரை மணிக்கு மகள் இளநிலாவின் ஆண்டுவிழா, அவள் மயில் வேஷம், தோகையை ஒட்டுவதற்குப் பசை இவள் பையில் இருந்தது, நாலே முக்காலுக்குச் சல்லடை கத்தியது, கீழே எங்கேயோ ஒரு பழைய பதிப்பு சிக்கி நிற்கிறது, புதுப்பிக்க முடியவில்லை, புதுப்பிக்க முடியவில்லை. எது என்று தேடாமல் கிளைக்கே வாயைப் பொத்திவிட்டுப் பசையோடு ஓடினாள். கிருபாகரனிடம் சொல்லிவிட்டு ஓடியதும் நினைவு இருக்கிறது, "எவனோ ஒருத்தன் எழுதிப் போட்டுட்டுப் போயிட்டான் கிருபா, திரும்பியே பாக்கல, பொறுப்பில்லாத ஜென்மம்." மயில் நன்றாக ஆடியது. திங்கட்கிழமை பார்க்கலாம் என்றிருந்தாள், திங்கட்கிழமைகள் நூறு போய்விட்டன.

இல்லை என்றுதான் பச்சையில் இருக்கிறது. அதை அச்செடுத்துத் தாளோடு பின் குத்திவிட்டால் போதும், கேட்பார் இல்லை. இருநூற்று ஏழில் அது இருக்கவேண்டும் என்று என்ன கட்டாயம், இருக்காது, கிருபாவே சொன்னான் பெயரே கேள்விப்பட்டதில்லை என்று. பார், இப்போது அவன் பேச்சு இனிக்கிறது. ஐம்பது நாள் யார் அணைக்காமல் வைத்திருக்கப்போகிறார்கள்? இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே கூடாது, கேட்டதும் பதில் ஒரு முகத்தோடு வந்து நின்றது, சிஸ்டர் பிலோமினா. போன வருடம் ஒரு வார்டில் திரையைப் பொருத்தப் போனபோது அந்த அம்மாள் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரை எடுத்துச் சுவிட்சின் மேல் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி, பேனாவால் தொடாதே என்று எழுதினார். "இத நாங்க அணைக்கவே மாட்டோம் மேடம். இது கத்தும்னு ஒரு தைரியம். இருபது பிள்ளைங்களுக்கு நாங்க ரெண்டு பேருதான்." அவருக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் தொள்ளாயிரம் கிராமில் ஒரு உயிர், அம்மா பெயர் மட்டும் எழுதிய அட்டை, தனக்கென்று பெயர்கூட இன்னும் வரவில்லை, அதன் உள்ளங்கை இவள் கட்டைவிரல் நகம் அளவு. மணிக்கு அரை மில்லி போகவேண்டிய மருந்து நின்றால் பத்து நொடிக்குள் கத்தவேண்டும். நேரத்தைத் தப்பாக எண்ணினால் பத்து நொடி என்பது எத்தனை நொடி? மெயிலில் அதைச் சொல்லவில்லை. பயமாக இருந்தது, வேறு வார்த்தை தேடவேண்டாம், பயம்தான். திட்டு வாங்குவோம் என்ற பயம் ஒன்று, அந்த நகம் அளவு கையின் பயம் ஒன்று, எது பெரியது என்று பார்த்தால் முதலாவதும் ஒன்றும் சின்னதாக இல்லை, அதற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டபடியே விரலை நீட்டி அந்த நட்சத்திரத்தை அழித்தாள். ஒரே ஒரு எழுத்து. சல்லடையை மறுபடி ஓடவிட்டாள்.

மரம் விரிந்தது. மரம் என்றுதான் அதைச் சொல்வார்கள், ஆனால் தலைகீழாக, மேலே நாம், கீழே கிளைகள், அதற்குக் கீழே கிளைகளின் கிளைகள். இரண்டு வருடமாக மூடியிருந்த இருநூற்று ஏழு பெயரும் ஒவ்வொன்றாக இறங்க ஆரம்பித்தன, அவள் காபியை மறந்தாள், உட்கார்ந்திருப்பதை மறந்தாள். வரைபடம் போடுவதற்குக் கீழே வண்ணம் கலப்பது, வண்ணம் கலப்பதற்குக் கீழே பின்னக் கணக்கு, பின்னக் கணக்குக்குக் கீழே ஒரு எண் இரட்டைப்படையா என்று மட்டும் சொல்வதற்கென்றே ஒன்று, அதை எழுதியவர் ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஒரு ஊர் இருக்கிறது, அந்த ஊரில் இன்று மழையோ வெயிலோ. ஒன்று ஏழு வருடமாகத் தொடப்படாதது. ஒன்று நேற்று ராத்திரி மாற்றப்பட்டது. ஒன்றின் குறிப்பில், இதை என் அண்ணன் நினைவாக வைத்திருக்கிறேன், தயவுசெய்து பெயரை மாற்றச் சொல்லாதீர்கள் என்று எழுதியிருந்தது. யார் அந்த அண்ணன், எப்போது போனான், அவன் பெயரைத் தாங்கிய ஏதோ ஒன்று கோயம்புத்தூரில் குழந்தைகள் வார்டில் ஒரு கோட்டைச் சரியான தடிமனில் இழுத்துக்கொண்டிருக்கிறதே, அந்தத் தம்பிக்கோ தங்கைக்கோ தெரியுமா. பதினெட்டு வருடமாக இதே வேலை, பட்டியலாகத்தான் பார்த்திருக்கிறாள், எண்ணாகத்தான் பார்த்திருக்கிறாள், இன்றைக்கு என்ன வந்தது? இத்தனை பேர். ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை, ஒரு வார்த்தை பேசியதில்லை, ஒருவன் எழுதி வைத்துவிட்டுத் தூங்கப்போகிறான், இன்னொருத்தி எழுந்து அதன் மேல் தன்னுடையதை வைக்கிறாள், அதற்கு மேல் ஒருவன், அதற்கு மேல் நாங்கள், எங்களுக்கும் மேலே பிலோமினா சிஸ்டரின் தைரியம், அதற்கும் மேலே அந்தக் கை. யாரும் யாரையும் நீ யார் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒன்றுமே எழும்பியிருக்காது. கேட்காததால்தான் இப்போது பயந்து சாகிறேன். இரண்டும் உண்மையாக இருந்தது, ஒன்றை விட்டு ஒன்றில் நிற்க அவளால் முடியவில்லை. அப்போது அடியில் சிவப்பு வந்தது. பெண்டுலெட், பழைய பதிப்பு, இருக்கிறது. மென்பொருள் முழுவதற்கும் அது ஒரே ஒரு நகல், வீட்டுக்கு ஒரு கடிகாரம் மாதிரி, அலாரமும் அதைப் பார்த்துத்தான் நொடி எண்ணுகிறது. பாதையை விரலால் திரையில் தொட்டுத் தொட்டுப் போனாள், வரைபடம் போடுவது, அதற்குக் கீழே அச்சில் எண் எழுதுவது, அதற்குக் கீழே நாழி, அதற்குக் கீழே பெண்டுலெட். புதிய பதிப்பு வந்தும் ஏன் இறங்கவில்லை என்றால் நடுவில் இருக்கிற ஒன்று பிடித்துவைத்திருக்கிறது, இந்தப் பதிப்பு மட்டும்தான் வேண்டும், வேறெதுவும் வேண்டாம் என்று அடம்பிடிக்கிறது. நாழி. யார் இந்த நாழி, தமிழ்ப் பெயராக இருக்கிறதே என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டாள். ஒரு நொடிதான்.

எழுதியவர் பெயரைப் பார்க்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை, ஆனாலும் பார்த்தாள், செண்பகா என்றுதான் இருந்தது. ஒன்பது வருடம் முன்பு, பிரசவ விடுப்பு, இளநிலாவுக்கு இருபது நாள். பிள்ளை கடைசியாகப் பால் குடித்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது தூக்கக் கலக்கத்தில் நினைவிலேயே நிற்காது, இப்போதுதானே குடித்தாள் என்று தோன்றும், மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். தொட்டிலை ஒரு காலால் ஆட்டிக்கொண்டே ஒரு மத்தியானம் எழுதியது, அறுபத்தொரு வரி. நொடிகளைக் கொடுத்தால் மனிதர் பேசுகிற மாதிரி திருப்பித் தரும், இரண்டு மணி பத்து நிமிடம் ஆயிற்று, இன்னும் ஐம்பது நிமிடம் இருக்கிறது. எந்த மொழியில் வேண்டுமானாலும் வார்த்தையை மாற்றிக்கொள்ளலாம். நொடி எண்ணுவதற்குப் பெண்டுலெட்டை எடுத்தாள், ஒருமுறை அதன் புதிய பதிப்பில் ஏதோ மாறிவிட, திரையோ பிள்ளை மைனஸ் இரண்டு மணி நேரம் முன்பு குடித்தாள் என்றது, பிள்ளை வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தாள், எரிச்சலில் பழைய பதிப்பின் எண்ணுக்கு முன்னால் ஒரு சமக்குறியைப் போட்டு, இது மட்டும் போதும் என்று லேப்டாப்பை மூடினாள். பொதுவில் வைத்தது ஒரு ஆசைக்கு, ஒரு பொத்தானை அமுக்கினால் போதும் என்றிருந்தது, அமுக்கினாள். பிறகு பிள்ளை வளர்ந்தாள், நாழி மறந்துபோயிற்று. எவனோ ஒருத்தன் எழுதிப் போட்டுவிட்டுப் போய்விட்டான். நாழியின் பக்கத்தைத் திறந்தாள். நேரடியாகப் பயன்படுத்துபவை பத்தொன்பது, மறைமுகமாகப் பயன்படுத்துபவை இரண்டு லட்சத்து முப்பத்தெட்டாயிரத்து நானூற்று ஆறு. எண்ணைத் திரும்ப வாசித்தாள், காற்புள்ளியைத் தப்பாகப் பார்த்துவிட்டோமோ என்று. ஒன்றைத் திறந்தாள், ஏதோ துறைமுகத்தில் அடுத்த அலையேற்றத்துக்கு எத்தனை நேரம் என்பது. ஒன்று பனி பெய்கிற ஊரில் பேருந்து நிறுத்தப் பலகை. ஒன்று மாட்டுப்பண்ணை, அடுத்த கறவைக்கு. ஒன்று சிறைச்சாலை, பார்க்க வந்தவர் எழுந்துபோக இன்னும் எத்தனை நிமிடம் என்று இரண்டு பக்கத்துக்கும் காட்டும் திரை. ஒன்று டயாலிசிஸ் நாற்காலி. உலகத்தில் யாரெல்லாம் இன்னும் எவ்வளவு நேரம் என்று அண்ணாந்து பார்த்துக் காத்திருக்கிறார்களோ அதில் பாதிப் பேருக்கு நான் எழுதிய வாக்கியம்தான் பதில் சொல்கிறது போலிருக்கிறதே. வாயில் கை வைத்துக்கொண்டாள். பெருமையாக இருக்கலாம் என்று தேடிப் பார்த்தாள், பெருமை வரவில்லை, கும்பிடத் தோன்றியது, யாரை என்றும் தெரியவில்லை. அந்தச் சிறைச்சாலையில் எதிரெதிரே உட்கார்ந்து இன்னும் நாலு நிமிடம் என்று வாசிக்கிற இரண்டு பேருக்கும், தொட்டிலாட்டிய என் காலுக்கும் நடுவில் இத்தனை தூரம் ஏதோ ஒன்று இத்தனை வருடம் அறுந்துபோகாமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அதிலே ஒரு சமக்குறியும் சேர்ந்தே போயிருக்கிறது. பதினொன்று நாற்பது.

கிருபாகரனின் மேசைக்குப் போனாள். "கிருபா, பெண்டுலெட் இருக்கு. நான்தான் ரெண்டு வருஷம் முன்னால அந்தக் கிளைக்கு ஸ்டார் போட்டேன், அதான் சல்லடை சொல்லல. இப்ப வார்டுல ஓடறதுலயும் அதே பழசுதான் இருக்கு. முதல்ல எல்லா வார்டுக்கும் போன் பண்ணச் சொல்லுங்க, திரையை ஒருதடவ அணைச்சுப் போடணும், பக்கத்துல ஒரு ஆள் நின்னு பம்பைப் பாத்துக்கிட்டே. அணைச்சுப் போட்டா நாள் கணக்கு மறுபடி ஒண்ணுல ஆரம்பிக்கும், அதுவரைக்கும் பயமில்ல." அவன் முகம் சிவந்தது. "ஸ்டாரா? நீங்களா?" என்றான், போனை எடுத்து உதவிக் குழுவை அழைத்து அவள் சொன்னதை அப்படியே சொன்னான், வார்த்தை தப்பாமல், அதற்காக அவனை அவளுக்கு எப்போதும் பிடிக்கும். போனை வைத்துவிட்டுத்தான் கோபப்பட்டான், தாழ்ந்த குரலில், அது இன்னும் மோசம். "ஊருக்கெல்லாம் சொல்றவங்க நீங்க." "ஆமா." "சரி, நடுவுல பிடிச்சு வெச்சிருக்கறது எது? அவங்களுக்கு எழுதலாமுங்களா?" "அதுவும் நான்தான் கிருபா." "என்னங்க சொல்றீங்க?" சொன்னாள். மகளையும் தொட்டிலையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள், தேவையில்லைதான், வந்துவிட்டது. அவன் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "நம்ம பக்கம் மட்டும் புதுசை வற்புறுத்திப் போட்டுக்கலாம். பத்து நிமிஷ வேலை. சோதிச்சுட்டு நாலு மணிக்கு அனுப்பிடலாம்." "நம்மளது சரியாயிரும். மத்தவங்க? அந்த ரெண்டு லட்சம்?" "மத்தவங்க நமக்கு யாருங்க?" ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவளே கேட்டிருக்கக்கூடிய கேள்விதான். யாருமில்லை. அந்த அண்ணன் பெயரைச் சுமக்கிறவருக்கு நாம் யார்? "நம்மளது நீங்க பாருங்க. இத நான் பாக்கணும்" என்றாள். "பாருங்க" என்றான் அவன், கோபம் அப்படியேதான் இருந்தது, ஆனாலும் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

நாழியைத் திருத்தி வெளியிடுவதற்கான சாவி பழைய மெயில் முகவரியில் இருந்தது, கல்லூரி நாளில் திறந்தது, கடவுச்சொல் நினைவில்லை, மறந்துவிட்டேன் என்றால் ஒரு போனுக்கு ஆறு இலக்க எண் அனுப்புகிறேன் என்றது, அந்தப் போன் இப்போது அவள் வீட்டுக்காரர் கையில், வைகுண்டராஜன், பாலிடெக்னிக்கில் வகுப்பு நடத்திக்கொண்டிருப்பார். மூன்றாவது தடவை எடுத்தார். "என்னங்க, ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும், சீக்கிரம் சொல்லுங்க." "யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கே." "எனக்குத்தாங்க வந்திருக்கு." "நீதானே படிச்சுப் படிச்சு சொன்ன, பொண்டாட்டி குரல்ல கேட்டாலும் சொல்லாதீங்கன்னு. பொண்ணு ஆண்டுவிழாவுக்கு என்ன வேஷம் போட்டா, சொல்லு பாக்கலாம்." "மயில்" என்றாள், அவர் உடனே எண்ணைச் சொன்னார், வகுப்பில் யாரோ சிரித்தார்கள். அஞ்சல் பெட்டி திறந்தது. விளம்பரக் குப்பைக்கு நடுவே தோமாஷ் என்ற பெயரில் மூன்று கடிதம். பெண்டுலெட்டைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான், ஏதோ ஒரு சின்ன ஊர், பகலில் லாரி பழுது பார்க்கிறாராம். முதலாவது நாலு வருடம் முன்பு: அன்புள்ள செண்பகா, உங்கள் நாழி அழகாக இருக்கிறது, அதில் ஒரு சமக்குறியை மட்டும் எடுத்துவிட முடியுமா, மாற்றத்தை நானே எழுதி வைத்திருக்கிறேன், நீங்கள் சரி என்றால் போதும். இரண்டாவது, பதினாலு மாதம் கழித்து: பலர் என்னிடம் கேட்கிறார்கள், செண்பகாவுக்காகக் காத்திருக்கிறேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது போன வருடக் கடைசியில்: உங்களுக்கு உடம்பு சரியில்லையென்றால் தொந்தரவுக்கு மன்னியுங்கள், அவசரம் ஒன்றுமில்லை. அவசரம் ஒன்றுமில்லை என்று எழுதியிருக்கிறாரே மனுஷன். முகம் தெரியாத ஒருத்திக்காக நாலு வருடம், திட்டாமல், இவள் நாலே முக்கால் மணிக்கு எவனோ என்று திட்டினாளே அந்த மாதிரி ஒரு வார்த்தை எழுதாமல். அழுகை வந்தது, அழுதாள், பக்கத்து மேசைக்காரர் பார்த்தார், பார்க்கட்டும்.

அவர் எழுதிவைத்த மாற்றம் அப்படியே காத்துக்கொண்டிருந்தது. ஒரு எழுத்து போகிறது, வேறொன்றும் இல்லை. வரிக்கு வரி வாசித்தாள், அறுபத்தொன்றையும், தொட்டில் கயிறு கிறீச்சிடுவது கேட்கிற மாதிரி இருந்தது, எல்லாச் சோதனையையும் இரண்டு முறை ஓடவிட்டாள், மைனஸ் எங்கேயும் வரவில்லை. வெளியிடு என்ற பொத்தானின் மேல் விரல் நின்றது. அன்றைக்கு ஒரு ஆசைக்கு அமுக்கிய அதே பொத்தான். இப்போது தெரியும் கீழே என்ன என்று, இல்லை, மேலே யார் யார் என்று. தப்பாக ஏதாவது போய்விட்டால்? போகலாம். யாருடைய எது எப்போது தப்பாகும் என்று யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும் என்று தொடங்குகிற தாளை எழுதினவன் ஒரு தைரியசாலி. அமுக்கினாள். பன்னிரண்டு நாற்பத்தாறு. பக்கத்தின் மூலையில் எடுத்துக்கொண்டவர்கள் என்ற எண் பூஜ்யமாக இருந்தது, பிறகு மூன்று, தண்ணீர் ஒரு வாய் குடித்துவிட்டுப் பார்த்தால் நானூற்றுப் பன்னிரண்டு, அதன் பிறகு எண்ணைப் படிக்க நேரமே கொடுக்காமல் ஓடியது. எங்கெங்கோ இருக்கிற இயந்திரங்கள், யாரும் யார் நீ என்று கேட்கவில்லை, கையை நீட்டி வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தன. தடுப்புக்கு மேலே கிருபாகரனின் தலை தெரிந்தது. "நாப்பத்தொரு ஆஸ்பத்திரி அணைச்சுப் போட்டாச்சுங்க. மிச்சம் ஓடிட்டிருக்கு. உங்க நாழியும் நம்ம பக்கம் வந்துருச்சு, நான் வற்புறுத்தவே இல்ல, தானா எறங்கிருச்சு." உங்க நாழி என்றான். அவன் தலை மறைந்ததும் அஞ்சல் பெட்டியில் ஒன்று வந்து விழுந்தது, தோமாஷ். அங்கே இன்னும் காலையாகத்தான் இருக்கும், பிழை திருத்தி வெளியிட்டதிலிருந்தே உட்கார்ந்திருக்கிறார் போலும். அன்புள்ள செண்பகா, இப்போதுதான் பார்த்தேன், இரண்டு முறை பார்த்தேன். போன குளிர்காலத்துக்குப் பிறகு நான் உங்களுக்கு எழுதவில்லை, நீங்கள் இறந்திருப்பீர்கள் என்று நினைத்துவிட்டேன். எங்கள் ஊர்க் கோவிலில் உங்கள் பெயரைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன், உங்கள் பெயரை எப்படி உச்சரிப்பது என்று தெரியாததால் பாதிரியார் இரண்டு விதமாகவும் சொன்னார், தவறாக நினைக்கவேண்டாம். உயிரோடு இருக்கிறீர்களா? செண்பகவல்லி அதை வாசித்து முடித்து, கன்னத்தைச் சால்வை நுனியால் துடைத்து, மன்னிப்பு என்று ஆரம்பித்து நாலு வரி எழுதி அழித்தாள், மயிலைப் பற்றி எழுதி அழித்தாள், நன்றி என்று எழுதி அதையும் அழித்தாள். கடைசியில் இருக்கிறேன் என்று மட்டும் எழுதி அனுப்பினாள்.